பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை

(1978–83 அணி, இயந்திரப் பொறியியல், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்)



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, வழக்கம்போல ஹாஸ்டல் உப்புமாவையும் ஒர்க்‌ஷாப் வகுப்பையும் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஒரு கடிதம் வந்து என் திட்டத்தைக் கெடுத்துவிட்டது.

இப்போது நம் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் சிலர் சேர்ந்து, மாணவர் ஃபார்முலா போட்டிக்காக ஒரு சின்ன ரேஸ் கார் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பழைய மாணவர் சங்கத்திடம் பண உதவி கேட்டிருந்தார்கள். பட்டியலில் ஏழாவது வரி: ‘பின்புற சஸ்பென்ஷன் ஆர்ம், அலுமினியம், ஒரு செட்.’ அதற்கு நேராக ஒரு லட்சத்துச் சொச்சம். செயலாளர் அதை எனக்கு அனுப்பி, “நீங்க இந்த லைன்ல இருந்தவர். அலுமினியம் அவசியமா, ஸ்டீல்லயே பண்ணிக்கக் கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று கேட்டிருந்தார்.

ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்றெண்பது வருஷத்து வரலாறு இருக்கிறது. அதில் 1984ஆம் வருஷத்துத் துண்டு ஒன்று என்னுடையது. இத்தனை காலமும் நான் வெளியில் சொல்லாதது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அந்தக் கை செய்கிற வேலை

சிவில், எலக்ட்ரிகல் நண்பர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் ஒரு சின்ன விளக்கம். காரின் பின் சக்கரம் மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டும். ஆனால் முன்னே பின்னேயோ பக்கவாட்டிலோ நகரக் கூடாது. அப்படிப் பிடித்து வைத்திருக்கிற தண்டுகளைத்தான் ஆர்ம் என்கிறோம். கருட சேவைக் கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போகிற அப்பா மாதிரி. குழந்தை குதிக்கலாம், கையை விட்டு ஓடக் கூடாது.

இன்ஜின் தள்ளுகிற தள்ளல், பிரேக்கின் இழுப்பு, வளைவில் டயர் வாங்குகிற பக்கச் சுமை எல்லாம் இந்தக் கைகள் வழியாகத்தான் வண்டிக்குப் போய்ச் சேருகின்றன. கை முறிந்தால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். முன் சக்கரத்துக்காவது ஸ்டீயரிங் என்று ஒன்று இருக்கிறது. பின் சக்கரம் திரும்பிவிட்டால் டிரைவர் செய்வதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஆனாலும் இந்தக் கை லேசாகவும் இருக்க வேண்டும். சக்கரத்தோடு சேர்ந்து ஆடுகிற எடை குறையக் குறைய, டயர் ரோட்டை விடாமல் ஒட்டும். ரேஸ்காரர்களுக்கு அலுமினியத்தின் மேல் ஆசை பிறப்பது இங்கேதான்.

அச்சு முறிந்த கதை

அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆனால் அளவுக்குள்ளேயே ஏற்றி, வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அச்சு ஒரு நாள் திடீரென்று முறிவது ஏன்? ரயில் வந்த பிறகுதான் உலகம் இந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தது.

1842 மே 8ஆம் தேதி, பிரான்சில் வெர்சாயில் இருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் இன்ஜின் அச்சு முறிந்து, பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகு ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் 1850களில் தொடங்கி 1870 வரை, அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்து முறியும் வரை சோதித்துப் பார்த்தார். அவர் கண்டது இதுதான்: ஒரே தடவையில் முறிக்கத் தேவையான சுமையைவிட மிகக் குறைந்த சுமையே போதும், அது லட்சக்கணக்கான தடவை வந்து போனால் உலோகம் முறிந்துவிடும். நாம் மூன்றாம் ஆண்டில் ‘ஃபெட்டீக்’ என்று படித்தோமே, அது. தமிழில் உலோகக் களைப்பு.

அதோடு ஒரு நல்ல செய்தியும் கிடைத்தது. இரும்புக்கும் எஃகுக்கும் ஓர் எல்லை உண்டு. சுமை அந்த எல்லைக்குக் கீழேயே இருந்தால், கோடித் தடவை ஆட்டினாலும் சாதாரணமாக முறியாது. துருவும் கீறலும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்தக் குணம்தான் இன்று வரை எஃகுக்குப் பெரிய சொத்து.

ஒரு சனிக்கிழமையும் ஒரு திங்கட்கிழமையும்

அலுமினியத்தின் கதை வேறு. சுத்தமான அலுமினியம் நம் வீட்டு டேக்சா மாதிரி, கையால் அழுத்தினாலே நசுங்கும். 1906இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்பவர், கொஞ்சம் தாமிரமும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் குளிரவைத்துச் சோதித்தார். சனிக்கிழமை அளந்தபோது சாதாரணமாக இருந்த உலோகம், திங்கட்கிழமை வந்து பார்த்தால் கெட்டிப்பட்டிருந்தது என்று சொல்வார்கள். சும்மா வைத்திருந்தாலே வலுவேறுகிற உலோகம்! 1909 வாக்கில் அதுவே ‘டியூராலுமின்’ என்று விற்பனைக்கு வந்தது. செப்பலின்களும் விமானங்களும் அதனால் பறந்தன.

ஆனால் எஃகுக்கு உள்ள அந்த எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. சுமை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், போதிய தடவை வந்து போனால் ஒரு நாள் விரிசல் விட்டே தீரும். உலகம் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. பிரிட்டனின் ‘காமெட்’ ஜெட் விமானங்கள் இரண்டு, 1954 ஜனவரி 10ஆம் தேதியும் ஏப்ரல் 8ஆம் தேதியும் நடுவானில் சிதறி 35 பேரும் 21 பேருமாக மாண்டார்கள். பிறகு ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, பறக்கும்போது ஏற்படுவதுபோல் உள் அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். உண்மையில் பறந்ததும் தொட்டியில் ‘பறந்ததும்’ சேர்த்து 3,057 தடவையில் உடற்தகடு கிழிந்தது. எடை அதிகமாகி அல்ல, எண்ணிக்கை கூடித்தான் கிழிந்தது.

சோழவரத்து நாட்கள்

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செங்குன்றத்தைத் தாண்டிச் சோழவரத்தில் போட்ட விமான ஓடுதளம், போர் முடிந்தபின் சும்மா கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. பிப்ரவரி வந்தால் மெட்ராஸ் முழுக்க அங்கேதான் என்று தோன்றும். நம் ஹாஸ்டல் பாதி காலியாகிவிடும். வார்டனுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிடுவார்.

1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ‘என்ஸைன்’ ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து அங்கே ஓட்டினார். ஆனால் நம்மைப் போன்றவர்களின் மனசைக் கவர்ந்தவை அந்த வெளிநாட்டுக் கார்கள் மட்டுமல்ல. ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் பாகங்களை வைத்து உள்ளூர்ப் பட்டறைகளில் கட்டிய ‘ஸ்பெஷல்’ கார்கள்தான். அவற்றைப் பார்க்கும்போது, ‘இதை நாமும் செய்யலாமே’ என்று தோன்றும்.

எந்த உலோகம் கிடைக்கும் என்பதும் அந்தக் காலத்தில் ஒரு கேள்வி. ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1955 முதல் எஃகுக் குழாய் செய்துவந்தது. நல்ல குழாய் வாங்குவதில் கஷ்டமில்லை. மேட்டூரில் 1965 முதல் அலுமினியம் உருக்கினார்கள். ஆனால் விமானத்தரக் கலவையில், இன்ன ரகம் என்று சான்றிதழோடு ஒரு சின்னத் துண்டு வேண்டும் என்று என்னைப் போன்ற ஆள் கேட்டால் எங்கே போவது? இறக்குமதி என்றால் லைசென்ஸ் விவகாரம். மீதி இருந்தது புதுப்பேட்டை பழைய சாமான் கடைதான்.

என் பங்கு

படிப்பு முடிந்த அடுத்த வருஷம். நம் அணி நண்பன் ஒருவனிடம் பழைய ஃபியட் இருந்தது. அதன் பின்புறத்து லீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, நாலு ஆர்ம் போட்டு ஆக்சிலைப் பிடித்து, காயில் ஸ்பிரிங்கில் நிறுத்துவது என்று முடிவு செய்தோம். டிராயிங் என்னுடையது. “ஆவடி டியூப்லயே பண்ணிடலாம்டா” என்றான் அவன். நான்தான் லைப்ரரியில் பார்த்த வெளிநாட்டுப் பத்திரிகையை மனசில் வைத்துக்கொண்டு, “அலுமினியம் போட்டா ரெண்டரை கிலோ மிச்சம்டா” என்று அடம் பிடித்தேன். புதுப்பேட்டையில் ‘ஏரோப்ளேன் மெட்டீரியல் சார்’ என்று சொல்லி ஒரு கனமான குழாயைக் கொடுத்தார்கள். அதை அறுத்து, முனைகளை ஆர்கான் வெல்டிங் பிடிக்கக் கொடுத்தேன். வெல்டிங் பார்க்க அவ்வளவு அழகாக வந்திருந்தது! வெல்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் கேட்டதை அவர் செய்து கொடுத்தார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது ஞாயிறு விடியற்காலை, ஆளில்லாத ஒரு ரோட்டில் அவன் பிரேக் போட்டபோது, வலதுபுறக் கீழ் ஆர்ம் முறிந்தது. ஆக்சில் முறுக்கிக்கொண்டு வண்டி நேராகப் புளியமரத்தில் போய் மோதியது. அவன் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெல்டிங்குக்கு ஒட்டினாற்போல், நூல் பிடித்த மாதிரி முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் மங்கலாக, கிளிஞ்சலின் முதுகில் இருக்குமே, அந்த மாதிரி வரி வரியாக இருந்தது. மீதி மட்டும் பளபளவென்று புதுசு. அந்த வரிகள் என்ன என்று எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். விரிசல் முதல் ஞாயிறே ஆரம்பித்திருக்கலாம். நாங்கள் கழற்றிப் பார்க்கவே இல்லை.

நண்பர்களே, இனிமேல் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமானது. ‘அவன் எப்பவும் அப்படித்தான், கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுவான்’ என்று நம் அணியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். முதல் ரீயூனியனிலும் பேசினார்கள். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். அன்றைக்கு அவன் ஓட்டியது 60 கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. கால் முறிந்தது அவன் வேகத்தால் அல்ல, என் டிராயிங்கால்.

கோர்வை

அந்த வாரம் ஊருக்குப் போனேன். கைலாசநாதர் கோயிலுக்குப் போகிற வழியில்தான் எங்கள் தெரு. அப்போதெல்லாம் பிள்ளையார்பாளையத்தில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். அப்பா தறிக் குழியில் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் காட்டினேன். அவருக்கு சஸ்பென்ஷனும் தெரியாது, அலுமினியமும் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது இன்னா, சேத்த எடமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“துணி நடுவுல எங்கடா கிழியப்போவுது தம்பி? சேத்த எடத்தைத்தான் மொதல்ல பாக்கணும்.”

தறியில் இருந்த கோர்வைப் புடவையின் கரையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா, இரண்டு ஆள். ஒவ்வோர் ஊடையும் கரை ஊடையோடு ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். புடவை நைந்தாலும் கரை பிரியாது என்று எங்கள் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வது அந்தச் சேர்மானத்தை வைத்துத்தான். அதற்குத்தான் கூலி, அதற்குத்தான் நேரம்.

அப்பா சொன்னதை உலோகப் பாடத்தில் சொன்னால் இப்படி வரும். 6061-டி6 என்ற பரவலான அலுமினியக் கலவை சுமார் 275 மெகாபாஸ்கல் வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும். ஆனால் அதன் வலு வெப்பப் பக்குவத்தால் வந்தது. வெல்டிங் சூடு பட்டதும் அந்தப் பக்குவம் போய், வெல்டிங்கை ஒட்டிய பகுதியின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். வலுவை மீட்க வேண்டுமானால் முழுப் பாகத்தையும் 530 டிகிரி அளவில் சூடாக்கி, தண்ணீரில் குளிரவைத்து, மறுபடியும் 160–175 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். களைப்பு விஷயத்தில் இன்னும் மோசம். வெல்டிங்கே படாத, பாலிஷ் போட்ட அதே கலவை 50 கோடி தடவைக்குத் தாங்குவது சுமார் 97 மெகாபாஸ்கல்தான். வெல்டிங் செய்த இடம் அதைவிட மிகக் கீழே.

எஃகுக் குழாயிலும் வெல்டிங் ஒரு பலவீனமான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெல்லிய சாதா எஃகுக் குழாய், ஒழுங்காகப் பிடித்த வெல்டிங்கில் இப்படிப் பாதி வலுவை இழப்பதில்லை. அடிபட்டால் பெரும்பாலும் முறிவதற்கு முன் வளையும். வளைந்த கையைக் கண்ணால் பார்க்கலாம். வண்டியும் ஒரு பக்கமாக இழுத்து, எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லும்.

எடைக் கணக்கு

இரண்டரை கிலோ என்று பெருமை அடித்தேனே, அந்தக் கணக்கும் தப்பு என்பது பிறகுதான் உறைத்தது. எஃகு அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கனம்: 7.85க்கு 2.7. அதே சமயம் எஃகின் விறைப்பும் ஏறக்குறைய மூன்று மடங்கு: 200க்கு 70. இரண்டு முனையிலும் உருண்டை மூட்டு போட்ட ஒரு கை, இழுப்பையும் தள்ளலையும் மட்டும்தான் தாங்குகிறது. அதை எஃகு அளவுக்கு அலுமினியத்தில் விறைப்பாக்க வேண்டுமானால் மூன்று மடங்கு உலோகம் போட வேண்டும். போட்டால் எடை மறுபடியும் சமம்! மிச்சம் பிடித்தது எடையை அல்ல, விறைப்பைத்தான்.

நியாயமாக அலுமினியத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கை வளைவைத் தாங்க வேண்டியிருந்தால், உதாரணமாக ஸ்பிரிங் கையின் நடுவில் உட்கார்ந்திருந்தால், கணக்கு மாறும். 20 மி.மீ. எஃகுக் குழாயின் எடையிலேயே அதே வாட்டத்தில் சுமார் 34 மி.மீ. அலுமினியக் குழாய் செய்யலாம். வளைவுக்கு அது இரண்டரை மடங்குக்கு மேல் விறைப்பு. இடம் இருந்தால் அலுமினியம் ஜெயிக்கும்.

ஜெயித்தும் இருக்கிறது. 1984 மாடல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் சஸ்பென்ஷன் கைகள் அலுமினியம். 1995இல் வந்த பி.எம்.டபிள்யூ 5 சீரிஸிலும் பெரும்பாலும் அலுமினியமே. ஆனால் கார்வெட்டின் கைகள் பெரிய அழுத்தத்தில் அடித்து உருவாக்கிய ‘ஃபோர்ஜிங்’. புதுப்பேட்டைக் குழாயை வெட்டி ஒட்டியவை அல்ல. சேர்மானத்தையே குறைத்துவிட்டார்கள். உள்ளே வருகிற சுமையும் தாராளமாகக் குறைவாக இருக்கும்படி தடிமன் கொடுக்கிறார்கள். நான் பத்திரிகையில் பார்த்தது படத்தை மட்டும்தான், பின்னால் இருந்த தொழிற்சாலையைப் பார்க்கவில்லை.

எடைக் குறைப்பு ஆசை பெரியவர்களையும் விட்டதில்லை. 1960இல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தய ஒத்திகையில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸ் 18 காரின் பின் சக்கரமே கழன்று போனது. சக்கரத்தைத் தாங்கிய பாகம் முறிந்ததுதான் காரணம். அவருடைய இரண்டு காலும் முறிந்தன. அதனால் எஃகு என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கோயமுத்தூர்க்காரர் காட்டிய வழி

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு நடைமுறையில் நல்ல பதில் சொன்னவர் என்று நான் மதிப்பது கோயமுத்தூர் எஸ். கரிவரதனை. பெயரைக் கேட்டாலே எங்கள் ஊர் வரதர் ஞாபகம் வரும். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்தவர், தானே ரேஸ் ஓட்டியவர். வெளிநாட்டுக் கார்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர். அப்படிப்பட்டவர் 1988இல் அறிமுகப்படுத்திய ஃபார்முலா மாருதி என்ன? எஃகுக் குழாய்ச் சட்டம், மாருதி 800இன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின், அதன் கியர்பாக்ஸ். 1990இல் பந்தயம் சோழவரத்தை விட்டு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கட்டிய புதுத் தடத்துக்கு வந்தது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். அங்கே வேலிக்குப் பக்கத்தில் நின்று நான் பார்த்த ஃபார்முலா மாருதிகளில் எல்லாம் கைகள் எஃகுக் குழாய்தான்.

அதில் ஒரு தெளிவு இருக்கிறது. காலையில் இடித்துக்கொண்ட பையன், மதியம் பட்டறையில் வெல்டிங் பிடித்து மறுபடியும் ஓட்ட முடியும். அப்பாவிடம் கோடிக்கணக்கில் பணம் இல்லாதவனும் ரேஸ் ஓட்டிப் பார்க்க முடியும். 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவராக ஆன நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியதும் ஃபார்முலா மாருதிதான். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். கோயமுத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் இருக்கிற தடத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் இந்தக் காரைக் கொண்டுபோய் நிறுத்த ஆசைப்படுகிற மாணவர் போட்டி நடப்பதும் அங்கேதான்.

என் சிபாரிசு

செயலாளரிடமிருந்து நம்பர் வாங்கி, டீம் கேப்டனாக இருக்கிற பெண்ணிடம் போனில் பேசினேன். “சார், செட்டுக்கு மூணு கிலோ குறையுது சார்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய என் குரலைத் திருப்பிக் கேட்ட மாதிரி இருந்தது. என் கதையை முழுசாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நாங்க வெல்டிங் பண்ணல சார், கட்டியிலிருந்து மெஷின் பண்றோம். அப்பவும் வேண்டாமா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. சேர்த்த இடம் இல்லாவிட்டால் அப்பாவின் ஆட்சேபணை பாதி போய்விடுகிறது. மீதிப் பாதி, வோலரும் காமெட்டும் சொன்னது, அப்படியே நிற்கிறது. “எத்தனை மணி நேரம் ஓட்டினப்புறம் அதைத் தூக்கிப் போடுவீங்க?” என்று நான் கேட்டேன். அதைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை.

ஆகவே சங்கத்துக்கு என் சிபாரிசு இது. இந்த வருஷம் கைகள் எஃகுக் குழாயில் இருக்கட்டும். ரகச் சான்றிதழோடு நல்ல குழாய், கோணம் மாறாமல் பிடிக்க ஒரு ஜிக், தேர்ந்த வெல்டர். அலுமினிய ஆசையை, வெல்டிங்கே இல்லாமல் கட்டியிலிருந்து செதுக்குகிற, தடித்த மற்றப் பாகங்களில் தீர்த்துக்கொள்ளட்டும். மிச்சமாகிற பணத்தில் இரண்டு சாமான் வாங்கிக் கொடுங்கள். ஒன்று, விரிசல் பார்க்கிற சிவப்புச் சாய செட். சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடர் அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் போன சாயம் சிவப்புக் கோடாக வெளியே வரும். பட்டுக்குச் சாயம் போட்ட ஊரில் பிறந்தவனுக்கு இது பிடிக்காமல் இருக்குமா! இன்னொன்று, ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். எந்தக் கை எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது கழற்றிப் பார்த்தோம், யார் பார்த்தது என்று கையெழுத்தோடு எழுதி வைக்க. அந்த நோட்டை ஒரு வருஷம் ஒழுங்காக எழுதிக் காட்டினால், அடுத்த வருஷம் அலுமினியக் கைக்கு என் பங்கை நானே தருகிறேன். அலுமினியம் போடுகிறவனுக்குப் பணத்தைவிட முக்கியமாக வேண்டியது, பாகம் நன்றாக இருக்கும்போதே அதைத் தூக்கிப் போடுகிற மனசு.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் நண்பனுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “இத இன்னும் கொஞ்சம் முன்னாடியே எழுதியிருக்கலாம்டா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். பிறகு, “என் பேரைப் போடாதே, பேரப் பிள்ளைங்க படிப்பாங்க” என்று சிரித்தான். இந்த ரீயூனியனுக்கு அவன் வருகிறான். வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பான், மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். வேகத்தைப் பற்றி யாரும் அவனைக் கிண்டல் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த முறிந்த துண்டு இன்னமும் என்னிடம் இருக்கிறது. அதையும் எடுத்து வருகிறேன். இயந்திரப் பிரிவு ஆய்வுக்கூடத்தில், பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துக்கொண்டால் சந்தோஷப்படுவேன்.

வாழ்க நம் கல்லூரி!